அண்ணையின் ஏரிக்கு ஒரு வீதி

1

காலை ஆறு மணி பத்து நிமிடம். மாடியிலிருந்து இறங்கி வந்தபோது முதலில் கண்ணில் பட்டது, சாப்பாட்டு மேசையை முழுதாக மூடிக் கிடந்த ஒரு வரைபடம். சுருண்டுவிடாமல் இருக்க நான்கு மூலைகளிலும் பாரம் வைத்திருந்தது: மிளகாய்த்தூள் போத்தல், ஊறுகாய்ப் போத்தல், என் மூக்குக்கண்ணாடிப் பெட்டி, ஒரு கார்ச் சாவி. சாவியைப் பார்த்துத்தான் மகள் இரவு வந்து சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். வெளியே ஏப்ரல் மாதப் பனி வேலியோரம் மட்டும் கறுத்துப்போய்க் கிடந்தது.

வரைபடத்தில் பெரும்பகுதி பச்சை. பச்சைக்கு நடுவே சிந்திய தண்ணீர்போல எண்ணமுடியாத ஏரிகள். அவற்றுக்கிடையே மூன்று கோடுகள் பேனையால் கீறப்பட்டிருந்தன. சிவப்பு, மஞ்சள், ஊதா. மூன்றும் தெற்கே ஒரே இடத்தில் புறப்பட்டு, வடக்கே ஒரு மலையின் பின்புறத்தில் ஒரே இடத்தில் முடிந்தன. நடுவில் மட்டும் பிரிந்து போயின.

நின்றபடியே சிவப்புக் கோட்டில் விரல் வைத்துப் பின்தொடர்ந்தேன். பாதி வழியில் அது அவரைக்காய் வடிவமான ஒரு சிறிய ஏரியை உரசிக்கொண்டு போனது. ஏரியின் மேல் பெயர் இல்லை. ஓர் இலக்கம் மட்டும் இருந்தது. அந்த இலக்கம் எனக்குத் தெரியும்.

அந்த ஏரியில் என் அண்ணையின் சாம்பல் இருக்கிறது.

2

மகள் ஆரணி வனப் பொறியியலாளர். மொன்ட்ரியாலில் பிறந்து, டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வளர்ந்து, இப்போது வடக்கே ஆறு மணி நேரக் கார் ஓட்டத்தில் உள்ள ஒரு சிறு நகரத்தில், வன அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறாள். கோயிலில் யாராவது விசாரித்தால் என் மனைவி "பிள்ளை இஞ்சினியர்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். முன்பு ஒருமுறை விளக்கமாகச் சொல்லிப் பார்த்தாள். "காட்டிலயோ? ஏன், இஞ்ச ஒரு வேலையும் கிடைக்கேல்லையோ?" என்று ஓர் அம்மா இரக்கப்பட்டார். அன்றோடு விளக்கம் நின்றுபோனது.

ஊரில் இருப்பவர்களுக்கு நான் கொஞ்சம் விளக்கத்தான் வேண்டும். இங்கே காடுகளில் பெரும்பகுதி அரசுக்குச் சொந்தம். எந்த இடத்தில் எவ்வளவு மரம் தறிக்கலாம் என்று அலுவலகம் நிறுவனங்களுக்கு அனுமதி கொடுக்கிறது. தறித்த மரத்தை லொறியில் ஏற்றி வெளியே கொண்டுவர வீதி வேண்டும். அந்த வீதி எந்த வழியால் போவது என்பதை மரம் தறிப்பதற்கு முன்பே யாராவது முடிவு செய்யவேண்டும்.

அதே காட்டை இன்னொரு கூட்டமும் பயன்படுத்துகிறது. கனூ என்ற ஒடுங்கிய வள்ளத்தில் கூடாரத்தையும் சாப்பாட்டையும் ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் ஏரி ஏரியாகப் போகிறவர்கள். ஓர் ஏரி முடிந்ததும் வள்ளத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையால் அடுத்த ஏரிக்கு நடப்பார்கள். இதற்கு விடுமுறை எடுப்பார்கள். வீதி இல்லாத இடம் என்பதுதான் அவர்களுக்கு அந்த இடத்தின் பெறுமதி.

நான் ஊரில் ஒரு பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்தவன். மேலே உள்ள கடைசி வசனம் என் மேசைக்கு வந்திருந்தால், "இல்லாத" என்ற சொல் தவறி நுழைந்துவிட்டது என்று நினைத்து வெட்டியிருப்பேன்.

ஆரணி எழும்பி வந்து, சட்டியில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

"அப்பா, ஊறுகாய்ப் போத்தலை எடுக்காதேங்கோ. மாப் சுருண்டிடும்."

"இது பெரியப்பான்ர ஏரியெல்லோ?"

"ஓம்."

"இதால ரோட்டுப் போகப்போகுதோ?"

"தெரியாது. மூண்டில ஒண்டு."

சிவப்பு, பழைய வீதி கிடந்த தடம். குறுகியது, செலவு குறைந்தது, புதிதாக அழிக்கவேண்டிய மரமும் குறைவு. ஆனால் ஏரிக் கரையோடு போகிறது. மஞ்சள், கனூக்காரர் வள்ளம் தூக்கி நடக்கும் பாதையைக் குறுக்கே வெட்டுகிறது. ஊதா, மலைக்குப் பின்னால் சுற்றிப் போகிறது. தண்ணீரில் இருப்பவர்களுக்கு லொறியின் சத்தம் கேட்காது. ஆனால் நீளம் கூட, குறுக்கே ஓடும் அருவிகளும் கூட. ஒவ்வொரு அருவிக்கும் ஒரு... அவள் நிறுத்தினாள். அவளுக்கு அந்தச் சொல் பிரெஞ்சில்தான் தெரியும். வீதிக்குக் கீழால் தண்ணீர் ஓடுவதைக் கையால் குழாய்போல வளைத்துக் காட்டினாள்.

"மதகு," என்றேன்.

"மதகு," என்று சொல்லிப் பார்த்தாள். "எது எடுத்தாலும் ஏரிக் கரையில ஒரு வரி மரம் விடுவம் அப்பா. வள்ளத்தில போறாக்களுக்குப் பின்னால தறிச்சது தெரியாது."

எங்கள் ஊரில் இராணுவம் வீதியோரத்து மரங்களைத்தான் முதலில் தறித்தது, பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரிவதற்காக. இங்கே ஓரத்து மரங்களை மட்டும் விட்டுவைக்கிறார்கள், பின்னால் என்ன நடந்தது என்று தெரியாமல் இருப்பதற்காக. இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் எதை நிறுவுவதற்காகச் சொல்கிறேன் என்று கேட்பாள். எனக்கு அது தெரியாது.

3

அண்ணையின் பெயர் சிவநேசன். டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தார். அங்கே அவரோடு வேலை செய்த இவோன் என்ற கெபெக் சமையற்காரர் வடக்கே பிறந்தவர். ஒரு கோடையில் மீன் பிடிக்க வரும்படி அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனார். அதன்பிறகு ஒவ்வொரு கோடையிலும் ஒரு கிழமை அண்ணை காணாமல் போவார். நண்பர்கள் சிரிப்பார்கள். "ஏன் சிவநேசன், மொன்ட்ரியாலில மீன் கடை பூட்டிட்டினமோ?"

அண்ணை இவோனுக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆம் என்பதற்கு "ஓம்", போதும் என்பதற்கு "காணும்". சமையலறையில் இரண்டும் போதும் என்பது அண்ணையின் கருத்து.

"செத்தா என்னை அந்த ஏரியில கொட்டுங்கோ. தண்ணி பளிங்கு மாதிரி," என்று ஒருமுறை பொரித்த மீனைச் சாப்பிட்டபடி சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அண்ணி மட்டும் அதை ஞாபகத்தில் வைத்திருந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான்கு வருடங்களுக்கு முன் ஆடி மாதத்தில் அண்ணை இறந்தபோது, கொள்ளி வைத்தது நான். சாம்பலை எங்கே கரைப்பது என்று ஐயர் கேட்டதும், அண்ணி ஒரு கணமும் யோசிக்காமல் அந்த ஏரியைச் சொன்னார். ஐயர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, மந்திரத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து தருவதாகச் சொன்னார்.

இரண்டு வான் வண்டிகளில் போனோம். முதல் நாள் மோட்டலில் தங்கி, விடிய லொறி வீதியில் ஏறினோம். சரளைக்கல் கொட்டிய அந்தக் கிறவல் வீதியில் போகும் ஒவ்வொரு வாகனமும் தான் நிற்கும் கிலோமீற்றரை வானொலியில் சொல்லிக்கொண்டே போகவேண்டும். அப்போதுதான் எதிரே மரம் ஏற்றிவரும் லொறிக்குத் தெரியும். முன்னால் போன வானில் இவோன் அதைச் செய்துகொண்டிருந்தார். அதே வானில் என் பக்கத்தில் இருந்த அண்ணி சாம்பல் பானையை மடியில் வைத்திருந்தார்.

"தம்பி, இவர் ஆரோட கதைக்கிறார்?"

"லொறிக்காரரோட. நாங்கள் எங்க நிக்கிறம் எண்டு சொல்லுறார்."

"செத்தவீடு வருகுதெண்டு சொல்லச் சொல்லும். விலத்துவினம்."

நான் மொழிபெயர்த்தேன். இவோன் "ஓம்" என்று சொல்லிவிட்டு, வானொலியில் ஏதோ நீளமாகச் சொன்னார். சிறிது நேரத்தில் எதிரே வந்த ஒரு லொறி ஓரமாக ஒதுங்கி நின்றது. இவோன் சொன்னதாலா, வீதி அந்த இடத்தில் ஒடுக்கமாக இருந்ததாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஏரியில் முழங்கால் தண்ணீரில் நின்றேன். ஜூலையிலும் கால் விறைத்தது. கைப்பேசியைக் கல்லின் மேல் வைத்து மந்திரத்தை ஓடவிட்டோம். நடுவில் ஐயர் வீட்டு அழைப்பு மணி அடிப்பதும், "வாறன், நில்லுங்கோ" என்று ஐயர் சொல்வதும் கேட்டன. நுளம்பு மொய்த்தது. சாம்பல் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஒரு வெண்மையான புகைபோல நின்றது. பிறகு காணவில்லை.

4

அடுத்த வருடம் முதலாம் ஆண்டுத் திவசத்துக்குப் போனபோது வீதி அப்படியே இருந்தது. அதற்கடுத்த வருடம் வீதி இல்லை.

மூடியிருந்தது என்று நான் எழுதவில்லை. மூடிய வீதி எனக்குத் தெரியும். பத்திரிகையில் இருந்த காலத்தில் "பாதை திறப்பு" என்பது நாங்கள் அடிக்கடி போட்ட தலைப்பு. அடுத்தபடியாக "பாதை மூடல்". மூடியபோது பீப்பாய்கள் இருந்தன, மண்மூட்டைகள் இருந்தன, ஆயுதத்தோடு யாரோ நின்றார்கள். ஆனால் அவற்றுக்குப் பின்னால் வீதி கிடந்தது. இங்கே வீதியையே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மதகுகளை இயந்திரத்தால் தோண்டி எடுத்திருந்தார்கள். அவை இருந்த இடத்தில் அகழிபோல வெட்டி, பாறைகளைக் குவித்திருந்தார்கள். அப்பால் கிறவலைக் கிளறி, கன்று நட்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பலகை: இந்தப் பகுதி இனிமேல் கனூப் பயணத்துக்கு. கீழே ஒரு நன்றியும் இருந்தது.

தறிப்பு முடிந்தால் லொறி வீதியின் வேலையும் முடிந்துவிடும் என்பது இந்த நாட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. கார் போகும் இடத்தில் அண்ணையைக் கரைத்தால், வருடா வருடம் காரில் போகலாம் என்று நம்பினோம். இவோனுக்குத் தெரியாதா என்று பிறகு கேட்டேன். தெரியும் என்றார். கனூவில் வருவீர்கள் என்று நினைத்தேன் என்றார்.

அன்று திவசத்தை அந்த அகழியில் தேங்கிய தண்ணீரில் செய்தேன். அண்ணி மடக்குக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மனுசன் அங்க, நாங்கள் இஞ்ச," என்றார். "கீரிமலைக்கும் பாதை பூட்டு. இஞ்சயும் பாதை பூட்டு."

யுத்தகாலத்தில் எங்கள் தகப்பனாரின் திவசத்தைப் பல வருடம் கீரிமலைக் கடற்கரையில் செய்யமுடியாமல் வீட்டுக் கிணற்றடியில் செய்ததை அவர் சொன்னார். அண்ணை வாளித் தண்ணீரில் எள்ளு இறைக்க, அண்ணி பக்கத்தில் நின்ற வருடங்கள் அவை.

போன வருடம் மொன்ட்ரியாலுக்குள்ளேயே, லஷீனில் ஆற்றங்கரையில் செய்துவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன். எல்லாத் தண்ணீரும் எங்கோ போய்ச் சேருவதுதானே. அண்ணி அரை மனதாகச் சம்மதித்தார். திரும்பி வரும்போது காரில் ஆரணி உள்ளதைச் சொன்னாள்: "அந்த ஏரித் தண்ணி மொன்ட்ரியால் பக்கம் வராது பெரியம்மா. அது வடக்க போய்க் கடலில விழுகுது."

"பாத்தீரோ தம்பி?" என்றார் அண்ணி.

5

வரைபடம் மேசையில் கிடந்த அந்தச் சனிக்கிழமை மத்தியானம், மொன்ட்ரியால்-நோரிலிருந்து அண்ணியைக் கூட்டிவந்தேன். மகள் வரும் நாட்களில் அவர் எங்களோடு சாப்பிடுவது வழக்கம். வரைபடத்தைச் சுருட்டிவைக்க ஆரணிக்கு நேரம் இருந்தது. அவள் சுருட்டவில்லை.

அண்ணி விஷயத்தை விளங்கிக்கொள்ள அதிக நேரம் எடுக்கவில்லை. சிவப்புக் கோட்டில் விரலை வைத்தார்.

"இதுதானே? இதைப் போடு பிள்ளை."

"நான் போட ஏலாது பெரியம்மா."

"நீதானே இஞ்சினியர்?"

"நான் மூண்டையும் கீறிக் குடுக்கிறது. எடுக்கிறது வேற ஆக்கள். கூட்டம் வைச்சு எல்லாரையும் கேட்டுத்தான் எடுப்பினம்."

அண்ணி கொஞ்சம் யோசித்தார். "அப்ப மற்ற ரெண்டையும் வடிவில்லாமக் கீறு."

மனைவி அடுப்படியிலிருந்து சிரித்தாள். ஆரணி சிரிக்கவில்லை. அந்த ஏரியில் பெரியப்பாவின் சாம்பல் இருப்பதைத் தன் மேலதிகாரியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டதாகவும், கூட்டத்தில் வரைபடத்தைக் காட்டலாம், கேள்விக்குப் பதில் சொல்லலாம், எந்தக் கோட்டுக்கும் சார்பாகக் கதைக்கக்கூடாது என்று அவர் சொல்லியிருப்பதாகவும் விளக்கினாள்.

"எங்கட பிள்ளை அங்க இருந்தும் ஒரு பிரியோசனமும் இல்லை," என்றார் அண்ணி. பிறகு எனக்குத் திரும்பி: "அந்தக் கூட்டத்தில நான் கதைக்கலாமோ?"

6

கூட்டம் மே மாதத்தில், டவுன்டவுனில் ஒரு மண்டபத்தில், மாலை ஏழு மணிக்கு நடந்தது. வாசலில் இருந்த பெண் ஒவ்வொருவரிடமும் என்ன வகை என்று கேட்டு நெஞ்சில் ஒட்ட ஒரு நிற வட்டம் கொடுத்தாள். கனூவுக்குப் பச்சை. மீன்பிடி, வேட்டைக்கு நீலம். மரத்தொழிலுக்கு மண்ணிறம். எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி பட்டியலைப் பார்த்தாள். கடைசி வரியில் "வேறு" என்று இருந்தது. அதற்கு வெள்ளை.

"இதென்ன, எங்களுக்கு மட்டும் வெள்ளை?" அண்ணி கேட்டார்.

"நாங்கள் வேற எண்டு போட்டிருக்கு."

"அது சரிதானே," என்று சேலையில் ஒட்டிக்கொண்டார்.

முன்மேசையில் மூன்று பேரில் ஒருத்தியாக ஆரணி இருந்தாள். எங்களைப் பார்த்துத் தலையை அசைத்தாள், மற்றவர்களுக்கு அசைத்த அளவே.

பழக்கத்தில் குறிப்பெடுத்தேன். மரநிறுவனத்தின் ஆள், வடக்கே ஓர் ஊர் முழுவதும் அந்த ஆலையை நம்பியிருக்கிறது, வீதி நீளும் ஒவ்வொரு கிலோமீற்றரும் அந்த ஊரின் சம்பளத்திலிருந்து போகிறது என்றார். சரியாகப்பட்டது. கனூச் சங்கத்திலிருந்து வெள்ளைத் தலைமுடியோடு ஓர் அம்மா எழுந்தார். "நான் வீதிக்கு எதிரி அல்ல. இங்கே வந்ததும் வீதியால்தான். காரில் போகக்கூடிய இடங்கள் எங்களுக்குப் போதும். காரில் போகமுடியாத இடம் ஒன்றிரண்டுதான் மிச்சம்" என்றார். அதுவும் சரியாகப்பட்டது. அந்த நிலத்தின் ஆதிக்குடிகளின் சார்பில் வந்தவர் கடைசியாகப் பேசினார். முதலாவது வீதி போட்டபோது இப்படி ஒரு கூட்டம் யாரும் வைக்கவில்லை என்றார். இலக்கத்தால் குறிப்பிடுகிறீர்களே, அந்த ஏரிக்குப் பெயர் உண்டு என்று சொல்லி, பெயரை இரண்டு முறை உச்சரித்தார். என் கையில் பேனை இருந்தது. எந்த எழுத்தில் எழுதினாலும் அந்தச் சத்தம் வரவில்லை. பெயரில்லாத ஏரி என்று நாங்கள் இவ்வளவு காலம் சொல்லிவந்திருக்கிறோம்.

எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று என்னையே கேட்டுப்பார்த்தேன். வீதி வேண்டும் என்று வாழ்நாளில் பாதியைக் காத்திருந்து கழித்தவன் நான். அந்த அம்மா எழுந்து பேசியபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன் என்பதைக் கைதட்டி முடித்த பிறகுதான் கவனித்தேன்.

தலைவர் வெள்ளை வட்டங்களை அழைத்தார். அண்ணி எழுந்தார். ஒலிவாங்கியைப் பிடிக்காமல், முன்மேசையைப் பார்த்துத் தமிழில் பேசினார்.

"என்ர மனுசன் அந்தத் தண்ணியில இருக்கிறார். வருசத்தில ஒருநாள் நான் அங்க போகவேணும். எனக்கு வள்ளம் விடத் தெரியாது, தூக்கவும் ஏலாது. உங்கட அமைதியைக் குழப்ப எனக்கு விருப்பமில்லை. அவருக்கும் அமைதி விருப்பம், அதுதான் அங்க போனவர். ஆனா ரோட்டைப் போடுங்கோ."

மண்டபத்தில் அதை விளங்கிக்கொண்டவர்கள் இரண்டு பேர். ஒருத்திக்குப் பேச அனுமதி இல்லை. நான் பிரெஞ்சில் மொழிபெயர்த்தேன்: இவருடைய கணவரின் சாம்பல் அந்த ஏரியில் கரைக்கப்பட்டிருக்கிறது, வருடத்தில் ஒருமுறை சடங்குக்குப் போகவேண்டும், வயது காரணமாக வாகனத்தில் போகும் வழி கேட்கிறார். மூன்று வசனம். கதிரையில் இருந்த பிறகுதான் அமைதியைப் பற்றிச் சொன்னதை விட்டுவிட்டேன் என்று தெரிந்தது. என் பிரெஞ்சு போதாமல் விட்டேனா, கோரிக்கையின் பலம் குறைந்துவிடும் என்று விட்டேனா என்று சொல்லமுடியவில்லை. முன்மேசையில் ஆரணி குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் கனூச் சங்க அம்மா எங்களைத் தேடி வந்தார். கோடையில் தாங்களே அண்ணியைக் கூட்டிப் போவதாகச் சொன்னார். நடுவில் மெத்தை போட்டு இருத்துவார்கள், துடுப்புப் போடத் தேவையில்லை, காட்டுப் பாதையில் தூக்கிக்கொண்டும் போவார்கள்.

"நான் என்ன அரிசி மூட்டையே?" என்றார் அண்ணி. பிறகு குரலைத் தணித்து: "கிளாலிக்குப் பிறகு நான் வள்ளத்தில ஏறுறேல்லை எண்டு சொல்லும் தம்பி."

நான் கிளாலியை விளக்கவேண்டியிருந்தது. யுத்தகாலத்தில் குடாநாட்டிலிருந்து வெளியே போக, சனம் இருட்டில் வள்ளத்தில் கடனீரேரியைக் கடந்தது. கடற்படை சுடும். அண்ணி போன வள்ளத்துக்கு முன்னால் போனது கரை சேரவில்லை.

"ஏன் வீதியால் போகவில்லை?" என்று அந்த அம்மா கேட்டார்.

"வீதி மூடியிருந்தது."

அவர் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். பச்சை வட்டமும் வெள்ளை வட்டமும் எதிரெதிரே இருந்தன.

"நல்ல மனுசி," என்றார் அண்ணி காருக்குப் போகும்போது. "ஆனா ரோட்டைத்தான் போடவேணும்."

7

அண்ணியை வீட்டில் இறக்கிவிட்டு, ஆரணியும் நானும் நாற்பதாம் நெடுஞ்சாலையில் மேற்கே வந்துகொண்டிருந்தோம். இனிமேல் கேட்கலாம் என்று தோன்றியது.

"உன்ர கையில விட்டா எதை எடுப்பாய்?"

"ஊதா," என்றாள். யோசிக்கவில்லை.

"பெரியம்மாவைத் தெரிஞ்சுமோ?"

"நீங்கள் அங்க சும்மா போய் நிண்டு பாத்திருக்கிறீங்களோ அப்பா? நீங்கள் போனது ரெண்டு தரம். ரெண்டு தரமும் போனில மந்திரம் ஓடிச்சுது."

"நீ எப்ப போனனீ?"

"ஒவ்வொரு வருசமும் போறனான். இவோனோட, கனூவில. மூண்டு இடத்தில தூக்கவேணும்."

"சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

"போய், எள்ளும் தண்ணியும் இறைச்சனியோ?"

"இல்லை. தேத்தண்ணி வைச்சுக் குடிச்சிட்டுச் சும்மா இருந்தனாங்கள்." கொஞ்சத் தூரம் போனபிறகு, "இவோன் கொஞ்சம் தேத்தண்ணியை ஏரியில ஊத்தினவர். 'காணும்' எண்டவர். பெரியப்பா அப்பிடித்தான் சொல்லுறவராம்" என்றாள்.

அண்ணியிடம் இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். அவள் தோளைக் குலுக்கினாள். நான் இன்னும் சொல்லவில்லை. பெரியப்பாவைப் பார்க்க வருடா வருடம் போகிறவள், பெரியம்மா போகமுடியாத வழியை விரும்புகிறாள் என்பதை எந்தச் சொல்லில் தொடங்கினால் அண்ணிக்கு அது கோள்சொல்வதாகப் படாது என்று தெரியவில்லை.

8

ஒக்டோபரில் அலுவலகத்தின் அறிக்கை வெளியானது. எங்களுக்கு அதில் ஒரு வரி கிடைத்திருந்தது: "ஒரு பங்கேற்பாளர் மதச் சடங்குக்காக வாகன வழி கோரினார்." பழைய துணை ஆசிரியர் என்ற முறையில் அந்த வரியில் திருத்த எதுவும் இல்லை.

முடிவு பின்னிணைப்பில் இருந்தது. சிவப்புக் கோடுதான். ஆனால் அது இப்போது புள்ளிக் கோடாகியிருந்தது. தொலைபேசியில் ஆரணி விளக்கினாள். புள்ளிக் கோடு என்றால் குளிர்கால வீதி. கிறவல் போடுவதில்லை, மதகு வைப்பதில்லை. நிலம் உறைந்தபின் பனியை இறுக்கி அதன் மேல் லொறி ஓடும். பனி கரையும்போது வீதியும் கரைந்துவிடும். கோடையில் கனூக்காரர் வரும்போது அங்கே ஒன்றும் இருக்காது. நிறுவனத்துக்கு மரம் கிடைக்கும், கனூக்காரருக்கு அமைதி கிடைக்கும். இரண்டு குளிர்காலங்களுக்கு மட்டும். வானொலியில் கிலோமீற்றரைச் சொல்லிக்கொண்டு போனால் எங்கள் காரும் போகலாம்.

"ஆடியில திவசம், மார்கழியில ரோட்டு," என்றாள் மனைவி. "நல்ல கவர்ண்மெந்து."

ஆரணிக்கு இது சந்தோஷமா என்று கேட்டேன். "ஊதா இல்லை," என்றாள். பிறகு, "பிழையும் இல்லை" என்றாள். பிறகு வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

அண்ணிக்குச் சொல்ல நேரிலே போனேன். கதவைத் திறந்ததிலிருந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"பனிக்குள்ள கார் போகுமோ?"

"லொறியே போகுதாம்."

"அப்ப ஏரி?"

"ஐஸ்."

"மேல நடக்கலாமோ?"

"நடக்கலாம்."

"வள்ளம் தேவையில்லை?"

"தேவையில்லை அண்ணி."

"அப்ப என்ன," என்றார்.

ஐயரிடம் அவரே தொலைபேசியில் கேட்டார். தை அமாவாசையில் செய்யலாம், தோஷமில்லை என்றார் ஐயர். ஆனால் தண்ணீர் வேண்டும், ஐஸின் மேல் பிண்டம் வைக்கமுடியாது, கரைக்கவேண்டும் என்றார். மந்திரத்தைப் புதிதாகப் பதிவு செய்து தருகிறேன், இந்த முறை கதவைப் பூட்டிவிட்டு என்றார். அண்ணி என்னைப் பார்த்தார். நான் இவோனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

டிசம்பர் முதற் சனிக்கிழமை அண்ணியைக் கடைக்குக் கூட்டிப்போனேன். முழங்கால்வரை வரும் பனிச்சப்பாத்து ஒன்று வாங்கினார். சேலைக்குக் கீழே போட்டுக்கொண்டு கடைக்குள் இரண்டு சுற்று நடந்து பார்த்தார்.

ஐஸில் மீன் பிடிப்பதற்காகத் துளை போடும் துறப்பணம் ஒன்று இவோனிடம் இருக்கிறது. அது போடும் துளையின் அகலம் எட்டு அங்குலம்.